கீழே விழுந்த கால்குலேட்டர்கள்

போன வாரம் அமீர்பேட்டை மெட்ரோ நிலையத்தின் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் போன பள்ளிக்கூடப் பெண்ணின் முதுகுப்பையில் ஜிப் பாதி திறந்திருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் அதிலிருந்து கறுப்பாக ஒன்று நழுவி விழுந்தது. முதல் படியில் 'டொக்' என்று சத்தம். அடுத்த படியில் மூடி தனியாகக் கழன்று ஒரு பக்கம் ஓடியது. மீதி, செங்கல் உருளுவதுபோல உருண்டு கீழே போய் நின்றது. பக்கத்தில் வந்தவர்கள் "அய்யோ" என்றார்கள். நான் மட்டும் சும்மா நின்றேன். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. அந்தப் பெண் அதை எடுத்தாள், ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்தாள், மூடியைச் செருகிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவிட்டாள். அவள் போன பிறகும் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் "சலோ ஆண்ட்டி" என்றார். ஆண்ட்டியாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இன்னும் அந்தச் சொல் சுருக்கென்றுதான் இருக்கிறது.

விழுந்தது கிராஃபிங் கால்குலேட்டர். சாதாரணக் கால்குலேட்டர் கூட்டிக் கழித்து விடையைச் சொல்லும். இது, ஒரு சமன்பாட்டைக் கொடுத்தால் அதன் கோட்டையே திரையில் வரைந்து காட்டும். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரிடமும் இருக்குமாம். நான் சொல்லும் காலத்தில் நம் ஊரில் இதைப் பார்த்தவர்களே குறைவு. கணிதத்தில் எம்.எஸ்ஸி. வாங்கிய நானே பார்த்ததில்லை. திருச்சியில் நான் படித்த கல்லூரியில் வரைபடம் என்றால் பச்சைக் கட்டம் போட்ட தாள், கூராகச் சீவிய பென்சில், அழித்து அழித்துக் கிழிந்த ஓர் ஓட்டை. அவ்வளவுதான்.

கல்யாணமாகி ஹைதராபாத் வந்தேன். கணவருக்குக் காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் எனக்கு வேலை, மத்தியானத்தில் தெலுங்கு சீரியலைப் பார்த்து மொழி கற்றுக்கொள்வது. மாமியார் மருமகளுக்கு விஷம் வைப்பது எப்படி என்பதற்கு வேண்டிய தெலுங்கு எல்லாம் வந்துவிட்டது. காய்கறி வாங்குவதற்கு வேண்டிய தெலுங்குதான் வரவில்லை. அப்போதுதான் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இண்டர்நெட் வழியாகக் கணக்கு சொல்லித்தர ஆசிரியர்கள் தேவை. ஊரே மென்பொருள் மென்பொருள் என்று ஓடிக்கொண்டிருந்த காலம். கணக்குப் படித்தவளுக்கும் அதில் ஒரு ஓரம் கிடைத்தது என்று எனக்கு ஒரே பெருமை.

ஆபீஸ் பேகம்பேட்டையில், பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடி. அமெரிக்காவில் சாயங்காலம் என்றால் நமக்கு விடியற்காலை. அதனால் ஊர் எழுந்திருக்கும்போது நாங்கள் பாதிப் பாடம் முடித்திருப்போம். கீழேயிருந்து உஸ்மானியா பிஸ்கட் வேகும் வாசனை படியேறி வரும். வெண்ணெயும் சர்க்கரையும் கலந்த அந்த வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் பரவளையச் சமன்பாடு ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், உண்மை. ஜன்னலை மூடினாலும் விமானச் சத்தம் உள்ளே வந்துவிடும். தலைக்கு மேல் விமானம் போகும்போது யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. நாங்கள் வாயை மூடிக்கொண்டு சத்தம் கடந்து போகக் காத்திருப்போம். ஒரு குழந்தை என்னிடம், "மிஸ், நீங்கள் விமான நிலையத்திலேயே குடியிருக்கிறீர்களா?" என்று கேட்டது.

சேர்ந்த புதிதில் ஒருநாள் அட்டைப்பெட்டிகள் வந்தன. திறந்ததும் புதுப் பிளாஸ்டிக் வாசனை. எங்கள் டீம் லீடர் பிரசாத், எல்லோருக்கும் பிரசாத்காரு, ஆளுக்கு ஒரு கால்குலேட்டரைக் கையில் கொடுத்தார். "ஜாக்ரத்த அம்மா, இதைக் குழந்தை மாதிரி பாத்துக்கணும்" என்றார். அடுத்த நாள் பாடத்தை வீட்டிலேயே தயார் செய்ய வேண்டும் என்பதால் வீட்டுக்கும் எடுத்துப் போக வேண்டும். சாமி படம் கொண்டுபோவதுபோல நான் துண்டில் சுற்றி எடுத்துப் போனேன். துண்டு இரண்டே நாள்தான் தாங்கியது. பிறகு டிபன் டப்பாவோடு சேர்ந்துவிட்டது.

அதன் பிறகு அதுகள் பட்ட பாட்டைக் கேளுங்கள். நான் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். சாதர்காட் பாலத்தில் ஒரு ஆட்டோ உரசி, நானும் வண்டியும் ஒரு பக்கம், கால்குலேட்டர் ஒரு பக்கம். எனக்கு முழங்கையில் தோல் போயிற்று. அதற்கு மூடியில் ஒரு கீறல். நான் ஒரு வாரம் கையை மடக்க முடியாமல் திரிந்தேன். அது அன்றைக்கே வேலைக்குப் போயிற்று. கூட வேலை பார்த்த ஒரு தோழியின் இரண்டு வயதுக் குழந்தை அவளுடையதைத் தண்ணீர் வாளியில் போட்டு முக்கி எடுத்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தாள். எழுந்துவிட்டது. திரையில் ஒரே ஒரு கோடு மட்டும் மறைந்து போனதால் அவளுடைய வரைபடங்கள் எல்லாம் நடுவில் ஒரு மயிரிழை விட்டே வரும்.

ஜெயந்தி மேடம் என்று ஒருவர் எங்களோடு இருந்தார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சில் ஊர் உருது கலந்திருக்கும், ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'. மாரேட்பள்ளியில் சொந்த வீடு. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவர் காலமாகிவிட்டார், மகன் வெளிநாட்டில். "வூட்ல செவுத்தோட பேசறதுக்கு இங்க வந்து வெள்ளைக்காரப் பசங்களோட பேசலாமேன்னு வந்தேன்" என்பார். அவர் தம் கால்குலேட்டரின் மேலே ஒரு டம்ளர் இரானி டீயை முழுதாகக் கவிழ்த்தார். பொத்தான்கள் கொஞ்ச நாள் ஒட்டின, பிறகு சரியாயின. பிரசாத்காரு தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது, மேடம் அதைத் தூக்கி மேசை விளிம்பில் வைத்து, வேண்டுமென்றே ஒரு விரலால் தள்ளிவிட்டார். டொக். எடுத்து அழுத்தினார். திரை வந்தது.

"ஹவ், பாத்தீங்களா? நம்மதான் ஒடைவோம். இது ஒடையாது" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அதன் பிறகு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. மேசையிலிருந்து விழுந்தால் யாரும் குனிந்துகூடப் பார்க்கமாட்டோம்.

ஹேமலதா சேர்ந்தது அதற்குப் பிறகு. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி வந்து ஒரு வருஷம். புருஷன் ரகு கச்சிபௌலியில் மென்பொருள் வேலை. கொண்டாப்பூரில் உயரமான அபார்ட்மெண்டில் ஏழாவது மாடி. எங்கள் எல்லோரையும்விட நல்ல ஆசிரியை அவள்தான். நாங்கள் விடையை நோக்கிப் பிள்ளையை இழுத்துப் போவோம். இவள் பிள்ளை தடுக்கிய இடத்துக்குத் தானும் போய் உட்கார்ந்துகொள்வாள். பிள்ளைகள் அவள் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். என் பெயரை யாரும் கேட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறாமைப்படுவதும் கஷ்டம். காலைச் சாப்பாட்டில் பாதியை எடுத்து என் டப்பாவில் வைத்துவிட்டு, "சும்மா சாப்பிடுங்க்கா" என்பாள்.

புருஷனும் ஒரு முறை வந்தான். கையில் இனிப்புப் பெட்டி. எல்லோருக்கும் தானே எடுத்துக் கொடுத்தான். அழகாகப் பேசினான். "ஹேமாவைப் பாத்துக்குங்க, அவ ரொம்ப சென்சிட்டிவ்" என்று சொல்லிவிட்டு, அவளுடைய கம்ப்யூட்டர் பக்கம் குனிந்து, "இந்தப் பசங்க எல்லாம் என்ன வயசு?" என்று கேட்டான். அக்கறை என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து ஹேமா ஒருநாள் உடைந்த கால்குலேட்டரோடு வந்தாள். திரையில் மை கொட்டியதுபோல நடுவிலிருந்து கறுப்பு பரவியிருந்தது.

"மேசையிலிருந்து விழுந்துருச்சுங்க்கா."

நாங்கள் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம். "எந்த மேசைம்மா அது? சார்மினார் ஒயரமா?" என்றார் ஜெயந்தி மேடம். ஹேமா சிரித்தாள். பிரசாத்காரு அலமாரியிலிருந்து வேறொன்று எடுத்துக் கொடுத்தார். உடைந்ததை என்னிடம் நீட்டி, "உங்க சார் ஃபேக்டரியில இருக்காருல்ல, சரி பண்ண முடியுமான்னு பாக்கச் சொல்லுங்க" என்றார். தொழிற்சாலையில் இருப்பவர் எதையும் சரிசெய்வார் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. வீட்டு மிக்ஸியை என் கணவர் கழற்றிவிட்டு, மூன்று மாதம் மிக்ஸியும் இல்லாமல் அம்மியும் இல்லாமல் நாங்கள் பட்ட பாடு பிரசாத்காருவுக்குத் தெரியாது.

என் கணவருக்கு அங்கே தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. கருவிகளைக் குலுக்கி, சுட வைத்து, கீழே போட்டுப் பார்ப்பதுதான் அவர் தொழில். அன்று சாயங்காலம் கால்குலேட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்படி உடைஞ்சுதாம்?"

"மேசையிலேர்ந்து விழுந்ததாம்."

"இல்ல. விழற பொருள் மூலையிலதான் அடி வாங்கும். இங்க பாரு, நாலு மூலையும் புதுசா இருக்கு. நடு மத்தியில அடி. யாரோ எதையோ வச்சு அடிச்சிருக்காங்க. இல்லன்னா மிதிச்சிருக்காங்க."

நான் கரண்டியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். அவர் அதை மேசையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அடுத்தவங்க வீட்டு விஷயம். நீ எதுவும் கேட்டுக்கிட்டு நிக்காதே" என்றார். நல்ல மனிதர்தான். எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஹேமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என் கண் அவள் முகத்துக்குப் போகாது, கைக்கும் கழுத்துக்கும்தான் போகும். முழுக்கைச் சுடிதாராகவே எத்தனை நாளாகப் போடுகிறாள்? வெயில் காலத்தில் கழுத்தைச் சுற்றித் துப்பட்டா எதற்கு? ஒன்றைத் தெரிந்துகொண்டவளுக்கு இத்தனை நாள் கண்ணில் படாததெல்லாம் படத் தொடங்கியது.

இரண்டாவது கால்குலேட்டரும் உடைந்து வந்தது. பேட்டரி மூடியைக் காணோம். ஒரு பக்கம் தையல் விட்டதுபோலப் பிளந்திருந்தது.

"ஸ்கூட்டியில வரும்போது விழுந்துருச்சுங்க்கா" என்றாள்.

அவளிடம் ஸ்கூட்டி கிடையாது. கம்பெனி வண்டியில்தான் வந்து போவாள். ஜெயந்தி மேடம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அன்று அவர் கேலி பேசவில்லை. பிரசாத்காரு அலமாரியிலிருந்து மூன்றாவதை எடுத்துக் கொடுத்தார்.

பாடம் முடிந்ததும் ஹேமாவைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் போட்டு உடைக்கப் பார்த்து உடையாத பொருள் உன்னிடம் மட்டும் எப்படி உடைகிறது என்று, கணக்கு டீச்சர் புத்தியோடு, அப்படியே கேட்டுவிட்டேன். அவள் முகம் மாறியது.

"நீங்க டீச்சருங்களா, போலீசுங்களா?" என்றாள். "வேணும்னா என் சம்பளத்துல புடிச்சுக்கச் சொல்லுங்க." விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

அதன் பிறகு பல வாரம் என்னோடு பேசவில்லை. இடத்தை மாற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள். என் டப்பாவில் எதுவும் வைப்பதில்லை. நான் தப்பாக நினைத்துவிட்டேனோ என்று ஒரு நாள் தோன்றும். இல்லை, நான் கேட்ட விதம்தான் தப்பு என்று மறுநாள் தோன்றும். வீட்டில் சொன்னால் "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார் கணவர். ஜெயந்தி மேடம் மட்டும், "விடும்மா. கதவத் தட்டிட்டே. தெறக்கறது அவ இஷ்டம். ஆனா நீ அங்கேயே நில்லு, போயிடாத" என்றார். நின்றேன். எதுவும் செய்யாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். அவளுடைய வண்டி தாமதமானால் எனக்குப் பாடத்தில் கூட்டல் தப்பும்.

ஒருநாள் காலை அவள் வந்தாள். வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். ஹெட்போனை இடது கையால் மாட்டினாள். கெய்லா என்ற பெண்ணுக்கு அன்று பாடம். மறுநாள் அவளுக்குப் பரீட்சை. கொஞ்ச நேரத்தில் ஹேமா திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணால் கூப்பிட்டாள். இத்தனை வாரத்தில் முதல் முறை. எழுந்து போனேன். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, பட்டனக் கொஞ்சம் அமுத்துறீங்களா? எனக்கு வரமாட்டேங்குது."

துப்பட்டா விலகியிருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் வீங்கி, நகத்துக்குக் கீழே கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நான் அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கால்குலேட்டரைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவள் ஆங்கிலத்தில், ஒரு நடுக்கமும் இல்லாத குரலில் சொல்லிக்கொண்டே போனாள். கெய்லா, இப்போது சமன்பாட்டைப் போடு. எக்ஸ் ஸ்கொயர். மைனஸ் நான்கு. நன்று. இப்போது கிராஃப் பொத்தான். நான் ஒவ்வொன்றாக அழுத்தினேன். திரையில் அந்த வளைவு இடமிருந்து புள்ளி புள்ளியாக இறங்கி, அடியைத் தொட்டு, மறுபடி ஏறியது. "வந்ததா? அழகாக இருக்கிறதா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் குழந்தை ஏதோ சொல்லியிருக்க வேண்டும். ஹேமா சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் தாரையாக வழிந்துகொண்டிருந்தது, குரல் மட்டும் சிரித்தது. அந்த ஒரு மணி நேரப் பாடம் முழுவதும் அவளுடைய கை நான்தான். பாதியில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சைகை காட்டினேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். குழந்தைக்குப் பரீட்சை.

பாடம் முடிந்து ஹெட்போனைக் கழற்றிய பிறகுதான் சொன்னாள். ஜெயந்தி மேடமும் பக்கத்தில் வந்து நின்றார்.

அவள் வேலைக்கு வருவது ரகுவுக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. விடியற்காலையில் எழுந்து போய் எவனோடு பேசுகிறாய் என்பதில் ஆரம்பிக்குமாம். வீட்டில் அவள் கால்குலேட்டரை எடுத்தாலே அவனுக்குக் கண் சிவந்துவிடும். முதல் முறை காலால் மிதித்தான். இரண்டாம் முறை பால்கனிக் கம்பியில் அடித்தான்.

"நேத்து செவுத்துல எறிஞ்சாருங்க்கா. ஒடையல. எடுத்து மறுக்கா எறிஞ்சாரு. அப்பவும் ஒடையல. நான் போயி எடுத்து, லைட் வருதான்னு பாத்தேன். பழக்கதோசத்துல அமுத்திட்டேன். வந்துருச்சு. அதப் பாத்ததும் அவருக்கு இன்னும் கோவம் வந்துருச்சு. என் கையக் கதவு சந்துல வச்சு..."

துப்பட்டாவை இழுத்துக் கையை மூடிக்கொண்டு, "அது ஒடைஞ்சிருந்தா விட்டிருப்பாருங்க்கா" என்றாள்.

நான் அந்தப் பொருளைப் பார்த்தேன். மேசையில் இருந்தது. எங்கள் ஆபீஸே வைத்து விளையாடிச் சிரித்த பொருள்.

ஜெயந்தி மேடம் கைப்பையை எடுத்தார். "எழுந்திரு. மொதல்ல டாக்டர்."

"வீட்டுக்குத் தெரிஞ்சா..."

"நக்கோ. வீடு கீடு ஒண்ணும் நக்கோ. இன்னிலேர்ந்து என் வூட்ல இரு. மேல ரூம் சும்மாதான் கெடக்கு."

செகந்திராபாத்தில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனோம். இரண்டு விரலிலும் எலும்பு விட்டிருந்தது. எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார். ஹேமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "என் வீட்டுக்காரர் கதவ வச்சு நசுக்குனாருங்க" என்றாள். முதல் முறையாக அவள் வாயிலிருந்து அது முழு வாக்கியமாக வந்தது.

மறுநாளே ரகு ஆபீசுக்கு வந்தான். மறுபடியும் கையில் இனிப்புப் பெட்டி. வரவேற்பறையில் உட்கார்ந்து என்னிடம், "அக்கா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங். வீட்டுக்கு வீடு நடக்கறதுதானே" என்றான். குரலில் தேன். ஹேமா உள்ளேயிருந்து வந்து எட்டி நின்றாள். கையில் கட்டு. ஏதோ சொன்னாள். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம். வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

"என்ன?" என்றான் ரகு.

மறுபடி சொன்னாள். அப்போதும் கேட்கவில்லை. விமானம் கடந்து போகட்டும் என்று அவள் நிற்கவில்லை. அடிவயிற்றிலிருந்து, தொண்டை கிழிய ஒரு முறை கத்தினாள். அவள் கத்தவும் சத்தம் சட்டென்று ஓயவும் சரியாக இருந்தது. அமைதியான ஆபீஸ் முழுக்க, கீழே பேக்கரி வரைக்கும், "நான் வரலை!" என்று கேட்டது.

ஹெட்போன் மாட்டியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரகு எழுந்தான். ஒரு எட்டு முன்னால் வைத்தான். அதுவரை மூலையில் நின்ற பிரசாத்காரு, குரலை உயர்த்தி யாரும் கேட்டறியாத மனிதர், நடுவில் வந்து நின்றார். "ஆமெ ரானண்டோந்தி. மீரு வெள்ளண்டி" என்றார். அவள் வரமாட்டேன் என்கிறாள், நீங்கள் கிளம்புங்கள். அங்கிருந்து அவர் நகரவில்லை. ரகு போனான். இனிப்புப் பெட்டி மேசையிலேயே இருந்தது. யாரும் தொடவில்லை. நாங்கள் கிளம்பும்போது எறும்பு மொய்த்திருந்தது.

இதோடு முடிந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஊரிலிருந்து ஹேமாவின் அப்பா வந்தார். ஜெயந்தி மேடம் வீட்டுக் கூடத்தில், கொடுத்த காப்பியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அம்முணி, கொஞ்சம் பொறுத்துப் போனா என்ன சாமி? தங்கச்சிக்குக் கல்யாணம் பேசிட்டிருக்கறோம்" என்றார். கெஞ்சலாகத்தான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. ஹேமா கட்டுப் போட்ட கையை அவர் முன்னால் நீட்டினாள்.

"பொறுத்தது இதுங்கப்பா."

அவர் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு தனியாக ரயிலேறிப் போனார். ஹேமா போட்ட விவாகரத்து வழக்கு பல வருஷம் இழுத்தது. ரகு தொலைபேசியில் கெஞ்சினான், பிறகு மிரட்டினான், பிறகு மறுபடி கெஞ்சினான். ஆபீஸ் சந்து முனையில் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்பான். ஹேமாவை நடுவில் விட்டு நானும் மேடமும் இரண்டு பக்கமும் நடந்து போவோம். ஒருத்தி ஸ்கூட்டியிலிருந்தே விழுபவள், இன்னொருத்தி முழங்கால் வலிக்காரி. இந்தப் படை எதைத் தடுத்திருக்கும் என்று இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. அன்றைக்கும் பயம்தான். தினமும் அந்தச் சந்தைக் கடந்து மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் மூச்சு வரும். ஹேமா கட்டோடு பாடம் நடத்தினாள். கட்டுப் பிரித்த பிறகும் அந்த இரண்டு விரலும் நேராகவில்லை. இடது கையால் பொத்தான் அழுத்தப் பழகிக்கொண்டாள்.

அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கலைந்தது. விமான நிலையத்தை ஊருக்கு வெளியே ஷம்ஷாபாத்துக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் ஏதோ சரிந்தது என்று பேப்பரில் படித்தோம். ஒருநாள் எங்கள் கம்பெனியும் கதவைச் சாத்தியது. கால்குலேட்டர்களைத் திருப்பி வாங்கி அட்டைப்பெட்டியில் அடுக்கினார் பிரசாத்காரு. அவர் குடும்பத்தோடு விஜயவாடா பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. பேக்கரி இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. ஜெயந்தி மேடம் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. மகன் வந்து வீட்டை விற்றான். மாரேட்பள்ளியில் அந்தத் தெருவில் எந்த அபார்ட்மெண்ட் அவர் வீட்டை இடித்துக் கட்டியது என்று என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. என் கணவர் ஓய்வு பெற்றுவிட்டார். குவார்ட்டர்ஸில் வேறு யாரோ இருக்கிறார்கள்.

ஹேமா ஊருக்குத் திரும்பிப் போனாள். கொஞ்ச நாள் போனில் பேசினாள். பிறகு குறைந்தது, பிறகு எண் மாறிவிட்டது. எனக்கு வருத்தம்தான். இவ்வளவு பட்டிருக்கிறோமே, ஒரு போன் போடக்கூடாதா என்று என் கணவரிடம் புலம்பியிருக்கிறேன்.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு உறவுக்காரக் கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருந்த கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். முடியில் நரை. கூட நாலைந்து பெண்கள், ஒரு கல்லூரியின் ஆசிரியைகள். அவள் பேசப் பேச எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் சிரிப்பு ஒரு நொடி நின்றது. பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இரண்டு கையாலும் என் கைகளைப் பிடித்தாள். அந்த இரண்டு விரலும் மடங்கியபடியேதான் இருந்தன.

"யாருங் மேடம், சொந்தமா?" என்றாள் கூட வந்தவர்களில் ஒருத்தி.

ஹேமா என் கையை விடாமல் என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் அவளுடைய அந்த நாட்களுக்குச் சாட்சி நான் ஒருத்திதான். அவளை எப்போதெல்லாம் நினைத்தேனோ அப்போதெல்லாம் என் ஞாபகத்தில் அவள் வீங்கிய விரலோடும் கண்ணீரோடும்தான் இருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. போன் ஏன் வரவில்லை என்பதும் புரிந்தது.

"ஹைதராபாத்துல பக்கத்து வீட்டு அக்கா" என்றாள் ஹேமா.

"ஆமாங்க," என்றேன். "சுவத்துக்கு அந்தப் பக்கம் இவ வீடு. அவ்வளவுதான் பழக்கம்."

அவள் பிடி ஒரு முறை இறுகித் தளர்ந்தது. பந்திக்குக் கூப்பிட்டார்கள். அவள் அவர்களோடு போனாள். நான் என் சொந்தக்காரர்களோடு வேறு வரிசையில் போய் உட்கார்ந்தேன்.